கோழி சம்மதிக்கும் பெட்டி

போர்ட் கிள்ளானில் சரக்கைவிடத் தாராளமாகக் கிடைப்பது அந்தச் சரக்கைச் சுமந்து வந்த பேலட் கட்டைதான். பண்டமாரான் பக்கம் கிடங்குகளுக்குப் பின்னால் உடைந்ததும் முழுசுமாக அடுக்கிக் கிடக்கிறது. அதை வாங்கி, ஆணியடித்து நிமிர்த்தி, மறுபடி ஏற்றுமதிக்காரர்களிடம் விற்பது ஒரு பிழைப்பு. நிமிர்த்த முடியாததை அறுத்துக் கோழிக்கூடு செய்வது அதிலிருந்து கிளைத்த இன்னொரு பிழைப்பு. நான் பார்க்கப் போனது இந்த இரண்டாவதை.

தகரக் கூரைப் பட்டறை. பெரியவரும் அவருடைய தங்கை மகனும்தான் ஆட்கள். பெரியவர் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தச்சர். 1972-இல் பெயர் மாறிய துறைமுகத்தை இன்னமும் சுவெட்டன்ஹாம் என்றே சொல்கிறார்.

வேலை முத்திரை பார்ப்பதில் தொடங்குகிறது. ஏற்றுமதிப் பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக்கதிர் படம், நாட்டின் குறியெழுத்து, அவற்றோடு இரண்டு எழுத்து இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்நடு வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. "எம்.பி. மரத்த நான் அடுப்புக்கும் குடுக்க மாட்டேன்" என்றார் பெரியவர். மருமகன் குனிந்து ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் பார்த்து ஒதுக்கினான். எண்ணெய்க்கறை பட்டதும், எந்த முத்திரையும் இல்லாததும் அதே குவியலுக்குப் போயின. பேலட் ஆணியின் உடம்பு முறுக்கு முறுக்காக இருக்கும். இழுத்தால் பலகைதான் பிளக்கும். அதனால் பிடுங்குவதில்லை, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ரம்பத்தை விட்டு ஆணியையே அறுத்துவிடுகிறார்கள்.

கூட்டைவிட முட்டைப் பெட்டியில்தான் பெரியவருக்குக் கவனம். உள்ளளவு ஓரடிக்கு ஓரடி. உயரம் கொஞ்சம் கூடுதல். வாசலில் நாலங்குலத் தடுப்புப் பலகை, படுக்கையைக் கோழி சீய்த்து வெளியே தள்ளாமலிருக்க. மேல்பலகை நல்ல சரிவு, ஏறி உட்கார்ந்து எச்சமிடாமலிருக்க. கூரையடியில் வரிசையாகத் துளைகள். மத்தியான வெயிலில் தகரத்தடியில் பெட்டி அடுப்பாகிவிட்டால் எந்தக் கோழியும் உள்ளே போகாது. நாலு கோழிக்கு ஒரு பெட்டி அவர் கணக்கு. கூட்டுக்கு முழங்கால் உயரக் கால்கள். கடலேற்றம் பெரிதாக இருக்கும் நாளில் இந்தப் பக்கம் சாக்கடை நிரம்பி முற்றத்துக்கு வந்துவிடும்.

உள்ளே இழைப்புளிச் சீவல், அதன்மேல் காய்ந்த லாலாங் புல். அதை அவர் குழியாக அமைப்பதில்லை. சும்மா அள்ளிப் போடுகிறார். "கோழி வேலைய கோழிகிட்டயே விட்டுடணும்." ஹியூஸ், டங்கன், பிரவுன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989-இல் எழுதிய ஒரு கட்டுரை ஞாபகம் வந்தது. கூட்டைத் தயாராகச் செய்து கொடுத்தாலும் கோழி தன் பங்குக்குச் சீய்த்து, சுற்றி, அமர்ந்து கட்டத்தான் பார்க்கிறது என்பது அவர்கள் கண்டது. இந்த நாட்டுக் காடுகளில் இன்றும் திரியும் காட்டுக்கோழி புதரடியில் செய்வதும் இதுதான். பெரிய பண்ணைக் கூண்டுகளில் இதற்கு வழியில்லை. முட்டையிடும் முன் கோழி கம்பியோரமாக நடந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வெறுங்கூண்டுகளை 2012 ஜனவரி முதல் விலக்கியது.

மதியம் அவர்களோடு ஒரு தாமான் வீட்டுக்குப் போனேன். பழைய வாடிக்கை, கூட வந்தது அந்த வீட்டு அக்காவின் புகார்.

"அங்கிள், பெட்டிக்குள்ள படுத்துத் தூங்குதுங்க. முட்டைய மட்டும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால போடுதுங்க!"

பெரியவர் பதில் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பெட்டி வாசல் உயரத்துக்குத் தாழ்த்தி உள்ளே பார்த்தார். பின்பலகை இடுக்கில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. தூங்கும் கட்டையோ பெட்டிக்குக் கீழே இருந்தது. வீட்டில் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். "இருட்டினா கோழி உசரமான எடந்தான் தேடும்மா. கட்டை கீழ இருந்தா பெட்டியிலதான் ஏறும்." கட்டையை மேலே ஏற்றினார்கள். இடுக்கை அடைத்து, வாசலில் நடுவே கிழித்த சாக்குத்துணி தொங்கவிட்டார்கள். வாஷிங் மெஷின் சந்தில் செங்கல் அடுக்கினான் மருமகன். கடைசியாகப் பையிலிருந்து ஒரு கோல்ப் பந்தை எடுத்துப் புல்லின் நடுவே வைத்தான். ஏற்கெனவே முட்டை இருக்கும் இடத்தைக் கோழி நம்பும். தோட்டத்தில் நிஜ முட்டை ஒன்றையே விட்டுவைப்பார்களாம். இந்தப் புழுக்கத்தில் அது கூழாகி வெடித்தால் நாற்றம் லயம் முழுக்க.

"நாலஞ்சு நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் தொறந்து விடாதம்மா" என்றார் பெரியவர். பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகவே பிடிப்பதால் நேரம் தினமும் தள்ளிப்போகும்; ஆனால் காலையில் கூட்டுக்குள் இருந்தால் பெட்டியைக் கண்டுகொள்ளும். ஒரு தடவை போட்ட இடத்துக்குத் திரும்பப் போகும் பழக்கம் பிறகு வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியே போட்டதைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்சாக்கடையிலிருந்து ஏறி வரும் பியாவாக், அதாவது உடும்பு, எடுத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் சேவல் இல்லை. அதிகாலைக் கூவலுக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். முட்டைக்குச் சேவல் தேவையுமில்லை. 2022 கடைசியில் கடைகளில் முட்டை இல்லாமல் போய், நாமக்கல்லிலிருந்து தருவித்தார்களே, அப்போது தொடங்கிய வளர்ப்பாம். முட்டைக்கான அரசு மானியமும் 2025 ஆகஸ்ட் முதல் நின்றுவிட்டது. தீவனச் செலவைச் சேர்த்தால் வீட்டு முட்டை மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்லவில்லை.

"மூணு பெட்டி இருக்கு, எல்லாம் ஒண்ணுலதான் போடுங்களாமே? மத்த ரெண்டையும் எடுத்துடவா அங்கிள்?"

"எடுக்காதீங்க க்கா" என்றான் மருமகன். "ஒண்ணுக்காகத்தான் வரிசை கட்டும். ஆனா அவசரத்துக்கு இன்னொண்ணு இல்லேன்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி முட்டைய ஒடச்சிரும். ஒடஞ்சத ருசி பாத்துட்டா அப்புறம் நிறுத்தாது." கெராங் சிப்பி ஓட்டை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னான், ஓடு கெட்டிப்பட.

கறுப்புக் கோழி ஒன்று பெட்டிக்குள் உடம்பைத் தட்டையாக்கிச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்த வந்தது. அடை உட்கார்ந்திருக்கிறது, சேவல் இல்லாத வீட்டில் 21 நாள் காத்தாலும் பொரிக்கப் போவதில்லை. அடியில் காற்று புகும் கம்பித்தளக் கூண்டில் சில நாள் விட்டால் தெளிந்துவிடும் என்றார் பெரியவர்.

"அந்தக் கூண்டு இருக்கா அங்கிள்?"

"வண்டியிலயே இருக்கு" என்றான் மருமகன்.