குறுக்கு வழி

பாரிசவாதம் என்றால் எங்கள் ஊரில் அது வயோதிபர்களின் வியாதி. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், சிகரட் என்று அதற்கான காரணங்களையும் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். ஒரு காரணம் அகப்பட்டதும் மனசு ஆறிவிடும். ஆனால் இந்த நான்கில் ஒன்றுமே இல்லாத முப்பத்து நான்கு வயது இளைஞன் ஒருவன், காலையில் கடை திறக்கப் போன இடத்தில் வாய் கோணி, வலது கை சோர்ந்து, பேச்சற்று விழுந்தால் ஊர் எந்த விரலை மடக்கும்? "ஆரோ செஞ்சி வெச்சிருக்காங்க" என்று பேசத் தொடங்கிவிட்டது. இன்னார்தான் செய்தார் என்று பக்கத்துக் கடைக்காரரின் பெயரும் இரண்டொரு நாளில் அடிபடலாயிற்று.

விழுந்தவன் என் ராத்தாவின் மகன். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்து வரவில்லை. தலையை ஸ்கேன் செய்தார்கள். மூளைக்குப் போகும் நாடியொன்றில் அடைப்பு. கழுத்து நாடிகளைப் பார்த்தார்கள், சுத்தம். இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள், ஒழுங்கு. சீனியும் பிரஷரும் அளவோடுதான் இருந்தன. கடைசியில் துண்டில் எழுதியது, 'காரணம் அறியப்படாத பாரிசவாதம்' என்பதாகும். அந்த வசனத்தைப் போல் செய்வினைக்காரருக்கு வாய்ப்பானது வேறொன்றில்லை. வைத்தியர் "தெரியாது" என்று சொல்லும் இடத்தில்தான் அவர்கள் பாய் விரிக்கிறார்கள்.

தெரியாது என்பது முடிவல்ல, தேடலின் ஆரம்பம் என்று எண்ணிய ஒரு டொக்டர் எங்களுக்கு வாய்த்தார். அவர் என்ன தேடினார் என்பதை விளங்கிக்கொள்ள, நாங்கள் வகுப்பில் கீறும் இதயப் படத்துக்குச் சற்றே திரும்ப வேண்டும்.

உடலெங்கும் சுற்றிக் கறுத்து வரும் குருதி இதயத்தின் வலப்பக்கம் சேர்கிறது. நுரையீரலுக்குப் போய் ஒட்சிசனை ஏற்று இடப்பக்கம் வருகிறது. அங்கிருந்து மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போகிறது. இதயவறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, குருதி அவற்றினூடாகக் கசிகிறது என்று கலென் சொன்னதைத்தான் உலகம் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக நம்பியிருந்தது. அந்தச் சுவரில் துவாரமில்லை, குருதி நுரையீரலைச் சுற்றித்தான் வரவேண்டும் என்று எழுதியவர், 1288இல் கெய்ரோவில் காலமான இப்னு அந்நபீஸ். அந்தச் சுற்றுப் பாதையில் ஒரு காவலும் இருக்கிறது. நுரையீரலின் மயிர்க்குழாய்கள் மிக நுண்ணியவை. காலின் நாளத்தில் உறைந்து கழன்று வரும் சிறு குருதிக் கட்டி அங்கே சிக்கிக் கரைந்துவிடும், மூளைக்குப் போகாது. ஆக, நுரையீரல் ஒரு வடியுமாகும்.

இந்த வடியைத் தாண்டிப் போகும் குறுக்கு வழிகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது இதயத்திலேயே உள்ளது. தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆகவே வலது சோணையறையிலிருந்து இடது சோணையறைக்குக் குருதி நேரே போக ஒரு கதவு திறந்திருக்கும். பிறந்து அழுததும் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் எல்லோருக்கும் அது முழுதாக ஒட்டுவதில்லை. 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இறந்தவர்களின் 965 இதயங்களை ஆராய்ந்தபோது 27 சதவீதமானவற்றில் அது ஒட்டாமல் இருந்தது. இவ்வழியே கட்டியொன்று மூளைக்கு ஏறக்கூடும் என்பதை ஜெர்மனியின் கோன்ஹைம் 1877இலேயே எழுதிவைத்தார்.

இரண்டாவது நுரையீரலில் உள்ளது. அங்கே நாடியும் நாளமும் மயிர்க்குழாய்களின் வலையை விட்டுவிட்டு நேரடியாக ஒட்டிக்கொண்டு வீங்கிவிடுகின்றன. கட்டி மட்டுமல்ல, பல்லிலிருந்து கிளம்பும் கிருமியும் அவ்வழியே மூளைக்குப் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம்.

இந்த வழிகளைக் கண்டுபிடிக்கும் சோதனை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. ஒன்பது மில்லிலீற்றர் சேலைனுடன் ஒரு மில்லிலீற்றர் காற்றைச் சேர்த்து, இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே வேகமாக முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். அது நுண்குமிழிகளாக நுரைத்ததும் கை நாளத்தில் ஏற்றி, எக்கோ திரையில் இதயத்தைக் கவனிக்கிறார்கள். வலப்பக்கம் பனிமழை பெய்தாற்போல் குமிழிகள் நிறையும். வடி ஒழுங்காக இருந்தால் இடப்பக்கம் கருமையாகவே இருக்கும். நோயாளியை மூச்சடக்கி முக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்வார்கள். சாத்தியதுபோல் தோன்றும் கதவு அப்போதுதான் திறக்கும். மூன்று துடிப்புகளுக்குள் குமிழி இடப்பக்கம் தெரிந்தால் பெரும்பாலும் இதயத்தின் கதவு. அதற்குப் பிந்தி வந்தால் சந்தேகம் நுரையீரல் மேல் விழும். இந்தக் கணக்கு எப்போதும் பிசகாதது என்று சொல்ல முடியாது. ஆகவே தொண்டை வழியே கருவியை இறக்கியோ, நெஞ்சை சீ.ரி. ஸ்கேன் செய்தோ உறுதிப்படுத்துகிறார்கள்.

என் மருமகனுக்குக் குமிழிகள் ஐந்தாம் துடிப்பில் வந்தன. ஸ்கேனில், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் குழாய்கள் ஒரு திராட்சைப் பழமளவு திரண்டிருந்தன.

டொக்டர் அதன்பின் கேட்ட கேள்விதான் எங்களைத் திடுக்குறச் செய்தது. "குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி மூக்கால் இரத்தம் வருமா?"

மச்சான் சிரித்தார். "அது எங்கட குடும்பத்து வழமை டொக்டர். எங்கட வாப்பாக்கும் வந்த. சூடு எண்டு தலையில தண்ணி ஊத்துவாங்க."

டொக்டர் அவரை நாக்கை நீட்டச் சொன்னார். உதட்டிலும் நாக்கிலும் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள். வாழ்நாள் முழுக்க வெற்றிலை போடுகிற மனிதர். அது வெற்றிலைக் கறை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரை நோய் அது. ஒஸ்லர், வெபர், ரொண்டு ஆகிய மூவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. மூக்கிலிருந்து குருதி வருதல், சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்புகளில் பிசகிய குழாய்கள், நெருங்கிய இரத்த உறவில் அதே நோய் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி என்று 2000ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வெளியானது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறுக்கு வழி அகப்பட்டுவிட்டால் அதுதான் குற்றவாளி என்று தீர்த்துவிடக் கூடாது. நால்வரில் ஒருவருக்கு இதயத்தில் கதவு ஒட்டாதிருக்கும்போது, பாரிசவாதம் வந்தவருக்கு அது தற்செயலாகவும் இருக்கலாம். எழுபது வயதுப் பிரஷர்காரருக்கு அதை அடைப்பதில் பொதுவாகப் பயனில்லை. வேறு காரணமற்ற, அறுபதுக்குட்பட்டவருக்கோ நிலைமை வேறு. 2017இல் வெளியான குளோஸ் என்ற ஆய்வில், கதவு அடைக்கப்பட்ட 238 பேரில் ஒருவருக்கும் மீண்டும் பாரிசவாதம் வரவில்லை. குருதித்தட்டு மருந்து மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆனால் அடைத்தவர்களிடையே இதயத் துடிப்புப் பிசகு கூடுதலாக இருந்தது. ஒன்று தந்து ஒன்று வாங்கும் வியாபாரந்தான்.

மருமகனுக்குத் தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரலின் அந்த வழியைக் கம்பிச் சுருள்களால் அடைத்தார்கள். பல் பிடுங்குமுன் கிருமிகொல்லி மருந்து, சேலைன் ஏற்றும்போது காற்றுப் போகாமல் கவனம், இரும்புச்சத்துக் குறையாமல் பார்த்தல் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம் மச்சானே போய் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார்.

உண்மையான சோதனை அதன்பிறகே வந்தது. மச்சானின் தம்பிக்கு ஒரு குமர். கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். அந்தப் பிள்ளைக்கும் மூக்கால் இரத்தம் வருவதுண்டு. "இப்ப இதக் கிளப்பினா பேச்சுக் கொழம்பும். கலியாணம் முடியட்டும்" என்றார் தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்பத்து நோய் என்ற ஒரு சொல்லால் ஒரு வீட்டுப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் தேங்கிவிடும் ஊர் இது.

ஆனால் நுரையீரலில் இவ்வழி உள்ள பெண் கர்ப்பமுற்றால் அது பெருத்து வெடித்து, நெஞ்சுக்குள் குருதி பெருகும் அபாயம் உண்டு. முன்பே கண்டு அடைத்தால் அந்த அபாயம் பெரிதும் குறையும். இதை விளக்கியபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. மச்சான்தான் பேசினார்: "கலியாணம் கலைஞ்சா இன்னொண்டு பேசலாம். புள்ள இல்லாமப் போனா ஆரப் பேசுற?"

மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்களே போய்ச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் உம்மா கேட்டது ஒரே கேள்வி: "மருந்து இருக்கா?" இருக்கிறது என்றார்கள். குமிழிச் சோதனையில் அந்தப் பிள்ளையின் நுரையீரலில் ஒன்றும் தெரியவில்லை. மருமகனின் ஒன்பது வயது மகளுக்கு ஒரு சிறு குழாய் தென்பட்டது. கிளினிக்கில் பார்த்து வருகிறார்கள். அவள் என் பாடசாலைப் பிள்ளை. வகுப்பில் மூக்கால் இரத்தம் வந்தால் இப்போது யாரும் சூடு என்று சொல்வதில்லை.

உங்கள் ஊரிலும் ஒருநாள் காரணமின்றி ஓர் இளைஞன் விழக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிறகு யார் செய்தது என்று கேட்குமுன், அவன் வாப்பாவின் மூக்கைப் பற்றிக் கேளுங்கள்.