கட்டிலில் உறங்கும் வாத்தியம்

லூட் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்து முடித்ததும் எங்கே வைப்பது? தினமும் ஆள் படுக்கும் கட்டிலில், கம்பளிக்கு அடியில் என்றார் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் தாமஸ் மேஸ். 1676இல் வந்த அவருடைய நூலில் இது விளையாட்டுப் பேச்சு அல்ல. ஆள் படுக்கும் கட்டில் உலர்ந்திருக்கும்; ஈரம் பட்டால் சுருதி கலையும். மெல்லிய பலகையின் ஒட்டும் விடும்.

அன்றைய தந்திகள் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்தவை. கழுத்தைச் சுற்றிக் கட்டிய மெட்டுகளும் குடல்தான். இன்று வாசிப்பவர்களில் பலர் நைலான் கட்டுகிறார்கள். தூண்டில் நரம்பை வெட்டிப் பூட்டுகிறவர்களும் உண்டு!

லூட் இசையை எழுதிப் பகிர்வதும் பழைய பழக்கமே. 1507இல் வெனிஸில் பெத்ருச்சி அச்சிட்ட ஸ்பினாசினோவின் லூட் நூலில் ஆறு கோடுகள், ஆறு தந்தி வரிசைகளுக்கு. கோட்டின் மேல் உள்ள எண், விரல் எந்த மெட்டில் அழுந்த வேண்டும் என்று சொல்லும். பிரான்சிலும் இங்கிலாந்திலும் எண்ணுக்குப் பதில் எழுத்து.

அச்சு நூல் இருந்தாலும் ரசிகர்கள் கையாலும் படியெடுத்தார்கள். 'இது ஜேன் பிக்கரிங்கின் புத்தகம்' என்ற பொருளில் 1616ஆம் ஆண்டு குறிப்போடு ஒரு கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பார்த்து இன்றும் வாசிக்கிறார்கள்.