குதிகால் தூக்குதா? கால் மேல தப்பில்ல!

மக்களே, இன்னிக்கு ஷூ பத்தி. பி.காம். படிக்கிறவனுக்கு ஷூவில் என்ன வேலைன்னு கேக்காதீங்க, நடுவுல கணக்கும் வருது :-)

என் தம்பி பாகூரில் பள்ளியில் படிக்கிறான். நல்லா ஓடுவான். ஆனா ஷூ போட்டா ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் எழும்பி எழும்பி இறங்கும். பின்னால கொப்புளம். "நம்ம காலு ஷூவுக்கு லாயக்கில்ல"ன்னு சொல்லிட்டு வெறுங்காலோட ஓடுறான். அந்த வார்த்தைதான் என்னை உறுத்துச்சு.

அவன் காலைப் பேப்பரில் வைத்து பென்சிலால் வரைந்து பார்த்தேன். நீளத்துக்கு சைஸ் 6 போதும். அகலம்தான் அடங்கலை. இதுக்குக் கடையில் ஒரே வைத்தியம், "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க." யு.கே. அளவில் ஒரு சைஸ் ஏறினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். விரலுக்கு நிம்மதி. ஆனால் குதிகால் பக்கம் தொளதொளன்னு ஆகிடும். கால் மடங்குற இடமும் ஷூ மடங்குற இடமும் வேற வேற. அப்புறம் குதிகால் தூக்காம என்ன செய்யும்?

தம்பி கால் மட்டும் இப்படி இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட நம் கால்கள் அகலம் என்று தெரிந்தது. அதை வைத்து நமக்கென்றே 'பா' என்ற அளவு முறையை முன்வைத்திருக்கிறார்கள். பாரதம் என்பதன் முதல் எழுத்து. வயசுப்படி 8 பிரிவுகள்.

சரி, கடைக்காரர் ஏன் அகலத்துக்கு ஒரு ஜோடி வைப்பதில்லை? இங்கதான் நம்ம பாடம். அஞ்சு சைஸ், ஒவ்வொன்றிலும் மூணு அகலம், மூணு கலர்னா ஒரே மாடலுக்கு 45 ஜோடி. அகலத்தை விட்டுட்டா 15 போதும். அவருக்கு முதல் முடங்காது, அதுக்கு வட்டி கட்டுறது நம்ம குதிகால்!

குல்மார்க் பனியில் ஸ்னோபோர்டு விடுறவங்களுக்கும் இதே தலைவலிதான். விரல் பக்கம் சாய்ந்து திரும்பும்போது பூட்டுக்குள் குதிகால் எழும்பினால் பலகை சொன்ன பேச்சு கேட்காது. அதனால காலின் நீளத்தை செ.மீ.யில் அளந்து, விரல் நுனி லேசா முட்டுற மாதிரி வாங்குவாங்க. அப்பவும் தூக்கினா, கணுக்காலைச் சுத்தி உள்ளே ஸ்பான்ஜ் பட்டை ஒட்டுவாங்க. நம்ம ஓட்ட ஷூவில் விரல் முட்டக்கூடாது, ஆனா குதிகாலைப் பிடிக்கும் வித்தை ஒண்ணுதான்.

நாம செய்யக்கூடியது:

1. சாயங்காலம் கடைக்குப் போங்க. அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுற சாக்ஸோடயே போட்டுப் பாருங்க.

2. லேஸ் கட்டும் முன் குதிகாலைத் தரையில் ரெண்டு தட்டு தட்டி, பின்பக்கம் நல்லா ஒட்ட வைங்க.

3. மேலே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை இருக்குமே, அந்தக் கடைசி ஓட்டை சும்மா இல்லை. லேஸை அதே பக்கத்தில் அதுக்குள்ள விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்க. அடுத்த பக்கமும் அப்படியே. ஒரு பக்க லேஸை எதிர்ப்பக்க வளையத்துக்குள்ள நுழைத்து இழுத்துக் கட்டுங்க. தம்பி ஷூவில் இதைச் செய்ததும் தூக்கல் பாதிக்கு மேல குறைஞ்சுது. முழுசாப் போகலை, நிஜத்தைச் சொல்லணும்ல.

4. இன்னும் தொளதொளன்னா, உள்ளே கொஞ்சம் தடிமனான அட்டை போட்டுப் பாருங்க.

5. கடைக்குள்ளேயே பத்து எட்டு வேகமா நடந்து பாருங்க. "போகப் போகச் சரியாயிடும்"னு சொன்னா நம்பாதீங்க. தோல் ஷூ கொஞ்சம் இளகும், ஆனா நீளம் குறையாது.

எதுவும் ஒத்து வரலைன்னா வெறுங்கையோட வெளிய வாங்க, வெட்கமே வேண்டாம். செருப்புக்காகக் காலை வெட்டிக்குவாங்களான்னு நம்ம பெரியவங்க எப்பவோ கேட்டுட்டாங்க.