உறையும் கவரும்

தமிழில் 'உறை' மிகப் பழைய சொல். வாளுக்கும் தலையணைக்கும் அதுதான். கீழடியில் சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறும் உறைகிணறுதான். பால் உறைவதும் இறைவன் கோயிலில் உறைவதும் அதே ஒலியில்தான் நிகழ்கின்றன. ஆனால் அச்சகத்துக்குள் நுழைந்து 'ஆயிரம் கடித உறை வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் உங்களை உற்றுப் பார்த்துவிட்டு, 'கவர்தானே?' என்பார்கள். (பத்திரிகை நிருபர்களிடையே 'கவர்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு, அதை விட்டுவிடுவோம்.)

பொருளாகப் பார்த்தால் கடித உறைக்கு வயது குறைவு. 1840க்கு முன் பிரிட்டனில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டே அஞ்சல் கட்டணம் வாங்கினார்கள். உறையும் ஒரு தாளாகிவிடும் என்பதால், கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினர். எடைக்குக் கட்டணம் என்றானதும் உறை பெருகிற்று. அஞ்சல் சீர்திருத்தம் செய்த ரோலண்ட் ஹில்லின் அண்ணன் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் சேர்ந்து 1845இல் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். டி லா ரூ வானியலாளரும்கூட. நிலவையும் சூரியனையும் புகைப்படம் எடுத்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய இயந்திரம் ஒன்றின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. முதற்பக்கத்தில் ஓர் உறையின் படம். பாகங்களுக்கு அம்புக்குறியிட்டுப் பெயர்கள். நாம் கிழித்தெறியும் காகிதத்துக்குத் தொண்டையும் தோளும் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். மூடும் மடிப்பைத் திறந்தால், மடிப்புக் கோட்டுக்கும் பின்தாளின் மேல்விளிம்புக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். அதுதான் தொண்டை, அதன் இரு ஓரங்களும் தோள்கள். தொண்டை ஆழமாகி மடிப்புச் சிறுத்துவிட்டால், பசை பின்தாளைத் தொடாமல் உள்ளிருக்கும் கடிதத்தில் ஒட்டிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் விவகாரம்தான். கட்டுக் கட்டாகக் கழிவாகிவிடும்.

சொல் தேடி ஓர் அச்சகத்தில் சில நாட்கள் உட்கார்ந்திருந்தேன். தாள்களை அடுக்கி, எஃகு 'டை'யால் ஒரே அழுத்தில் வெட்டுகிறார்கள். வெட்டிய தாள் விரித்துவைத்த பட்டம்போல் இருக்கிறது. அச்சடிப்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே. ஒட்டிய கவரில் அடித்தால், தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் எழுத்து அழுந்தியும் மற்ற இடத்தில் வெளிறியும் விழும். கல்யாணச் சீசனில் அவசர வேலை வந்தால் அப்படியும் அடிப்பதுண்டு என்று சிரித்தார்கள்.

அங்கே யாரும் தொண்டை என்று சொல்லவில்லை. சாக்குக்கும் பைக்கும் இருப்பதுபோலக் கவருக்கும் வாய்தான். 'வாய் சரியா வரல' என்றார் ஓர் அம்மா. வீட்டில் உட்கார்ந்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் பல ஆண்டுகள் கவர் ஒட்டியவர். இப்போது இயந்திரத்தின் முன் நிற்கிறார். கையேட்டைப் படிக்கவேண்டியவர் அவரே.

கையேட்டைச் சரிபார்த்தவர் தமிழறிஞர். 'வாய்' என்பதை அடித்துவிட்டு 'தொண்டை' என்று எழுதி அனுப்பினார். மூலத்துக்கு அதுவே நேர்ச்சொல், கலைச்சொல்லுக்குத் துல்லியம் வேண்டும் என்பது அவர் வாதம். தவறான வாதமென்று சொல்லமாட்டேன். நான் அவருக்குப் பதினோராம் பக்கத்து எச்சரிக்கையை மட்டும் இரு வடிவங்களில் எழுதி அனுப்பினேன்: 'இயந்திரம் ஓடுகையில் தொண்டையைக் கையால் சரிசெய்யக் கூடாது.' 'மெஷின் ஓடும்போது கவர் வாயில் கை வைக்காதீர்கள்.' மடிக்கும் தகடு ஒரு விநாடிக்குள் பலமுறை இறங்கும் இடம் அது. முதல் வாக்கியத்தைப் படிப்பவர் தம் கழுத்தைத் தடவிப் பார்க்கக்கூடும், விரலை எடுக்கமாட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. பதினோராம் பக்கத்துக்கு 'வாய்' இருக்கட்டும், படத்தில் 'தொண்டை'யே நிற்கட்டும் என்றார். ஒரே பாகத்துக்கு ஒரே புத்தகத்தில் இரண்டு பெயர் கூடாதென்று மறுபடி எழுதினேன். அதற்கும் இரண்டு நாள் ஆயிற்று.