நாலாவது செட்

ஆண்கள் டென்னிஸில் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு மயிலாடுதுறையில் ஒரு வேலையும் கிடையாது. இங்கே புல்தரை என்றால் மாடு மேய்கிற இடம். இருந்தும் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் என் நண்பனும் நாற்பது வருஷத்துக்கு மேலாக இதற்குச் சண்டை போட்டு வருகிறோம். அவன் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் புஸ்தகம் படிக்கிறவன். 1982இல் ஊரின் பெயரே மாயூரத்திலிருந்து மயிலாடுதுறை ஆயிற்று. சண்டை மட்டும் மாறவில்லை.

என் கட்சி ராமநாதன் கிருஷ்ணன். உலகத்திலேயே பெரியவர் அவர்தான் என்று சொல்லுமளவுக்கு நான் அசடல்ல. 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் தடவை நீல் ஃப்ரேசரிடம் தோல்வி, அடுத்த தடவை ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த வருஷம் பட்டம் வென்றவர்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டுகளில் ஜெயித்தார். கணக்கு அவ்வளவுதான். கணக்கு அல்ல விஷயம் என்பதுதான் என் கட்சியே. பலமில்லாத சர்வீஸை வைத்துக்கொண்டு, பந்தை அடிக்காமல், வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்த ஆட்டம். அந்த வரிசையில்தான் மகன் ரமேஷையும், வெகுகாலம் கழித்து ஃபெடரரையும் வைத்துக்கொண்டேன். நண்பன் கட்சி மாறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். கானர்ஸ், லெண்டில், நடால், இப்போது ஜோக்கோவிச். உண்மையில் அதுவும் ஒரே கட்சிதான் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

அவன் வாதம் சுருக்கமானது. ஜோக்கோவிச்சுக்கு 24 பெரிய பட்டங்கள், நடாலுக்கு 22, ஃபெடரருக்கு 20. நேருக்கு நேர் ஆடியதில் ஃபெடரரை 27க்கு 23 என்றும், நடாலை 31க்கு 29 என்றும் ஜோக்கோவிச் மிஞ்சியிருக்கிறார். “இதுக்கு மேல என்னய்யா வேணும்?”

எனக்கு வேண்டியது நிறைய இருந்தது. 1968க்கு முன்னால் பணத்துக்கு ஆடியவர்களுக்கு விம்பிள்டன் கதவு திறக்காது. லேவர் 1962இல் நாலு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்று தொழில்முறைக்குப் போனார். ஐந்து வருஷம் வெளியே இருந்தார். திரும்பி வந்து 1969இல் மறுபடி நாலையும் வென்றார். அந்த ஐந்து வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? சரி, 1962இல் அவர் ஜெயித்தபோது ரோஸ்வாலும் கொன்சாலஸும் அங்கே இல்லையே, அதை எங்கே கழிப்பது? பாஞ்சோ கொன்சாலஸ் 21 வயதில் தொழில்முறைக்குப் போனவர், பெரிய போட்டிகளுக்குத் திரும்பும்போது 40. அடுத்த வருஷம், 1969 விம்பிள்டன் முதல் சுற்றில், முதல் இரண்டு செட்டையும் (ஒன்று 22-24) பறிகொடுத்துவிட்டு, பாஸரெல்லை 112 கேம் ஆடி ஜெயித்தார். நம்மூரில் ஐப்பசி முழுக்குத் தீர்ந்த பிறகு வந்து சேர்ந்த முடவனுக்குக் கார்த்திகை முதல் நாள் ஒரு முழுக்கு உண்டு. கொன்சாலஸுக்கு வாய்த்தது அதுதான் என்பேன். நண்பன் இதை ரசித்தான், ஒப்புக்கொள்ளவில்லை.

எண்ணிக்கையை மறுக்கும் ஆயுதம் எனக்கு டென்னிஸிலிருந்து வந்ததல்ல, பத்திரிகைகளிலிருந்து வந்தது. க.நா.சு. போட்ட பட்டியல்களும், காரணம் சொல் என்று செல்லப்பா மல்லுக்கு நின்றதும் என் தலைமுறைக்கு அரிச்சுவடி. ரசனைதான் கடைசி நீதிமன்றம் என்ற பக்கம் நான் சாய்ந்தேன். விற்பனையை வைத்து நாவலை அளக்காதவன் பட்டத்தை வைத்து ஆட்டத்தை ஏன் அளக்கவேண்டும்? ‘எழுத்து’ தொடங்கிய அதே 1959இல் ஜாக் கிரேமர் பெருந்தொகை தந்து தொழில்முறைக்கு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார் என்பதும் எனக்குப் பெரும் பொருத்தமாகப்பட்டது. சிறு பத்திரிகைக்காரன் அப்படித்தான் பொருத்தம் பார்ப்பான்.

உடைந்தது 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசும்போது. அன்று ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோக்கோவிச் 204. சொந்த சர்வீஸில் வெற்றிக்கு ஒரே புள்ளி என்று இரண்டு முறை நின்று, இரண்டையும் விட்டு, ஃபெடரர் தோற்றார். அதிகப் புள்ளி எடுத்தவன் தோற்றான், எண்ணிக்கையே மோசடி என்று நான் சொன்னேன்.

“இப்ப மட்டும் எண்றியா?” என்றான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒண்ணு கவனிச்சியா? உனக்குப் பிடிச்சவன் எவனுக்கும் வேர்க்காது.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவன் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். என் பெரியப்பாவுக்கு ஒன்றரை வேலி நிலம். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாரே ஒழிய ஒரு நாளும் சேற்றில் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் உச்சபட்சப் பாராட்டு ‘அனாயாசம்’ என்ற வார்த்தை. அனாயாசமாகப் பாடினான், அனாயாசமாகச் சமைத்தாள். சாவுக்குக்கூட அதையே வேண்டிக்கொண்டார்கள். சிரமம் தெரியக்கூடாது என்பது அழகியல் தத்துவம் என்று நான் நினைத்திருந்தேன். யாருடைய சிரமம் யார் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதில்லை.

கேட்ட பிறகு என் வாதங்களே ஒன்றையொன்று கடித்தன. தொழில்முறைக்காரர்களை வெளியே நிறுத்திய அந்த விதி, ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறவன் ஒரு படி கீழே என்ற விதிதானே? மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸின் பொதுத் திடல்களில் ஆடக் கற்ற கொன்சாலஸை வெளியே நிறுத்தியது அதுதான். அவருக்காக அழுத நான், அதே மூச்சில் காசை மறுத்தவரின் மேன்மையைப் பேசிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணனையும் நான் சரியாகச் சொல்லவில்லை. அவரை உருவாக்கியது அவர் தகப்பனார் டி.கே. ராமநாதன், அவரும் ஆட்டக்காரர். பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதற்கு எத்தனை காலைப்பொழுதுகள் போயிருக்கும்!

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிருஷ்ணன் ஆடி நான் பார்த்ததே இல்லை.

1966 டிசம்பர். கல்கத்தாவில் டேவிஸ் கோப்பை, பிரேஸிலுக்கு எதிராக. இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் கடைசி ஆட்டம், தாமஸ் கோக்குடன். திண்ணையில் பெரியப்பா பேப்பரை உரக்கப் படித்தார்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. நாலாவது செட்டில் கோக் 5-2 என்று முன்னால் இருந்தாராம். எனக்கு அப்போது பதினொரு வயது. டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. அந்தப் பத்து எண்கள்தான் எனக்குக் கிடைத்த கிருஷ்ணன். அடுத்து மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றதும் எண்களாகவே வந்தது. அந்த நளினம், அந்த மெத்தென்ற பந்து எல்லாம் பிற்பாடு பிறர் எழுதியதைப் படித்து நான் கட்டிக்கொண்டவை. எண்ணிக்கையை அவமதிக்கக் கற்ற பிறகும் இந்த எண்களை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

இதை அவனிடம் போன ஐப்பசியில்தான் சொன்னேன். கடைமுழுக்குக்கு முதல் நாள் சாயந்திரம், துலாக்கட்டப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஜோக்கோவிச் பற்றி எனக்கு இப்போது ஆட்சேபம் குறைவு என்றும் சொன்னேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்த ஆட்டத்தைப் பார்க்கையில் இப்போதும் எனக்குக் கழுத்து வலிக்கிறது. ரசனை அப்படி ஒரு வாக்கியத்தில் திருந்திவிடுகிற சாமான் அல்ல.

அவன் ஜெயித்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த கோக் மேட்ச்சு. நாலாவது செட்டு எவ்வளவு சொன்னே?”

“ஏழு-அஞ்சு. ரெண்டு-அஞ்சுலேர்ந்து.”

“தொடர்ச்சியா அஞ்சு கேம்.” விரல் விட்டு எண்ணினான். “நல்லா வேர்த்திருக்கும்.”

பேப்பரில் அதைப் போடவில்லை என்றேன்.