என்ன படம் பார்த்தீங்க சார்?

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் சர்க்கரை அளவுதான் பேச்சு. இப்போது, "நேத்து என்ன படம் பார்த்தீங்க சார்?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். ஓடிடி புண்ணியம். தபால்துறை நண்பர் ஒரு படத்தை மூன்று தவணையில் பார்ப்பார், நடுவில் தூங்கிவிடுவார். விமர்சனம் மட்டும் முழுசாக வரும்!

போன வாரம் பேச்சு 'மெய்யழகன்' பற்றி. 2024இல் பிரேம்குமார் இயக்கி வந்த படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை அரவிந்த்சாமி. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். விழுந்து விழுந்து உபசரிக்கும் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

"கார்த்தி பேசிக்கிட்டே இருக்கார் சார், ஒரே இழுவை" என்றார் தபால்துறை. "ரிலீசுக்கு அப்புறம் கொஞ்சம் வெட்டினாங்களே, அப்படியுமா?" என்றார் பேங்க்காரர். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"கொஞ்சம் நீளம்தான்" என்றேன்.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை 1998இல். அதற்குப் பிறகு தம்பியோடு பேச்சில்லை. பாதிப் படத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் பார்த்தேன் என்று அந்தப் பெஞ்சில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளைப் புரட்டினேன். தம்பி நம்பர் கிடைத்தது. லேண்ட்லைன் நம்பர்.