விடி-டியைத் தேடி

கியூப்ஸ் ஓஎஸ் நிறுவும்போது ஐஓஎம்எம்யூ இல்லை என்று எச்சரிக்கை வந்தால் உடனே லேப்டாப்பை மாற்றக் கிளம்பாதீர்கள். பல பயாஸ்களில் மெய்நிகராக்கத்துக்கான விடி-எக்ஸ் ஒரு பக்கம், இன்டெலின் ஐஓஎம்எம்யூவான விடி-டி வேறொரு பக்கம். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பவர்களே அதிகம்.

கியூப்ஸின் நிர்வாகப் பகுதியான டாம்0-இல், விடி-எக்ஸைக் குறிக்கும் விஎம்எக்ஸ் கொடியைத் தேடுவதும் வீண்வேலை; அடியில் ஓடும் ஹைப்பர்வைசரான ஸென் அதைக் காட்டாது. 'எக்ஸ்எல் இன்ஃபோ' அடித்து, 'எச்விஎம்_டைரக்ட்ஐஓ' இருக்கிறதா என்று பாருங்கள்.

2018-இல் வந்த கியூப்ஸ் 4.0 முதல் விடி-டி அவசியம். அது இல்லாமல், நெட்வொர்க் அட்டையைக் கையாளும் சிஸ்-நெட் கிளம்பவே மறுக்கும். சிஸ்-நெட்டை பிவி (பாராவர்ச்சுவல்) முறைக்கு மாற்றி ஓட்டலாம்தான். ஆனால் வைஃபை அட்டையை ஒருவன் கைப்பற்றினால், டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) வழியாக மொத்த நினைவகத்தையும் துழாவிவிடுவான். அப்படி ஓட்டுவதற்கு இவ்வளவு மெனக்கெட்டு கியூப்ஸ் எதற்கு? சாதாரண டெபியன் போதுமே!